நேற்றைய நாளைக் காட்டும் தொடர்கள்: குடும்பமாகப் பார்ப்பது எப்படி?

நமது குடும்பங்களில் இன்று பிள்ளைகளுக்குச் சரித்திரம் கற்பிப்பவர் யார்? பள்ளிக்கூட ஆசிரியரா? பெற்றோரா? பாடப்புத்தகமா? இம்மூவரையும் பின்னுக்குத் தள்ளிவிட்டு நான்காவதாக ஒருவர் வீட்டின் நடுவில் வந்து அமர்ந்துவிட்டார். அவர்தான் திரை. ஓப்பநாயக்கவைச் சுற்றியுள்ள தோட்டங்களில், பகலெல்லாம் கொழுந்தெடுத்தும் பால் வெட்டியும் அலுத்துப்போய் வருகிறவர்கள், இரவுச் சோற்றுக்கு முன்னும் பின்னும் அந்தத் திரையின் முன்னே இருக்கிறார்கள். லயத்துக் காம்பராவில் பெட்டி ஒன்று ஓடுகிறது. இளையவர்களோ ஆளுக்கொரு கைத்தொலைபேசியோடு மூலைக்கு ஒருவராகப் போய்விடுகிறார்கள்.

மாமியார் மருமகள் சண்டைத் தொடர்களைப் பற்றி இங்கே எழுதப் போவதில்லை. அவற்றைப் பற்றி எழுதியும் பேசியும் ஆகிவிட்டது. கேட்டவர்கள் கேட்டார்கள், பார்த்தவர்கள் பார்த்துக்கொண்டேதான் இருக்கிறார்கள். அண்மைக் காலத்தில் வேறொரு வகைத் தொடர் பெருகி வருகிறது. நடந்து முடிந்த சம்பவங்களை, உண்மையாக வாழ்ந்த மனிதர்களின் பெயரோடு, நடிகர்களை வைத்து மறுபடியும் நடத்திக் காட்டும் தொடர்கள் அவை. 1984ஆம் ஆண்டு போபால் நகரில் நச்சுவாயு கசிந்த இரவைப் பற்றிய ‘த ரயில்வே மென்’ 2023இல் வந்தது. இந்திய விமானம் ஒன்று 1999இல் காந்தஹாருக்குக் கடத்தப்பட்ட கதையும், 1947ஆம் ஆண்டு இந்தியா இரண்டாகப் பிரிந்த கதையைச் சொல்லும் ‘ஃப்ரீடம் அட் மிட்நைட்’டும் 2024இல் வந்தன. ராஜீவ் காந்தி கொலை வழக்கைப் பற்றிய ‘த ஹண்ட்’ 2025 ஜூலையில் வந்தது.

இவற்றைப் பார்க்காதீர்கள் என்று சொல்வது நமது நோக்கமன்று. நல்ல தொடர் ஒன்று, பத்துப் புத்தகம் படித்தும் ஏறாத விஷயத்தை ஓர் இரவில் மனத்தில் ஏற்றிவிடும். ஆனால் ஏற்றியது உண்மையா, உண்மையின் பாதியா, கதாசிரியரின் கற்பனையா என்று பிரித்துப் பார்க்கத் தெரியவேண்டும். அரிசியில் கல் இருக்கிறது என்பதற்காக யாரும் பட்டினி கிடப்பதில்லை. புடைத்துத்தான் உலையில் இடுகிறோம். அந்தப் புடைக்கும் வேலையைப் பற்றியதே இப்பாடம்.

நமக்கு நன்கு பழகிய ஓர் உதாரணத்திலிருந்து தொடங்குவோம். ஃபிராங்கோ செஃபிரெல்லி என்ற இத்தாலிய இயக்குநர் எடுத்த ‘நாசரேத்தூர் இயேசு’ என்ற தொடர் 1977இல் வெளிவந்தது. பெரிய வாரத்தில் நம்மில் பலர் அதைப் பார்த்துக் கண்ணீர் விட்டிருக்கிறோம். அதில் சேரா என்றொரு மறைநூல் அறிஞர் வருகிறார். யூதாசோடு பேசிப் பேசி, ஆண்டவரைக் காட்டிக்கொடுக்கும் வழிக்கு அவனைக் கொண்டுவருகிறவர் அவரே. நான்கு நற்செய்திகளையும் முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை தேடிப் பாருங்கள். சேரா என்ற பெயர் கொண்ட அப்படிப்பட்ட ஆள் அங்கே கிடையாது. யூதாசின் உள்ளத்தில் நடந்த போராட்டத்தை வெளியே காட்ட வேண்டும். மனத்துக்குள் நடப்பதைக் கமராவால் படம் பிடிக்க முடியாது. எனவே பேச்சுக்கு ஓர் ஆள் வேண்டியிருந்தது. ஆளை உண்டாக்கிவிட்டார்கள். அதில் தீய நோக்கம் ஒன்றுமில்லை. ஆனால் தொடரை மட்டும் பார்த்த பிள்ளை, யூதாஸ் ஏமாற்றப்பட்ட அப்பாவி என்று நினைத்துக்கொண்டு எழுந்து போகிறது. நற்செய்தி அப்படிச் சொல்லவில்லை. ஒரு சிறிய சேர்க்கை, குற்றத்தை ஒருவர் தோளிலிருந்து இன்னொருவர் தோளுக்கு மாற்றிவிட்டது.

இதேபோல், சேர்னோபில் அணு உலை 1986இல் வெடித்ததைக் காட்டும் 2019ஆம் ஆண்டுத் தொடரில் உலானா கோமியுக் என்ற பெண் விஞ்ஞானி வருகிறார். அவரும் கற்பனைப் பாத்திரமே. அந்நாட்களில் உழைத்த பல விஞ்ஞானிகளைச் சேர்த்து ஒரே ஆளாக்கினோம் என்று தொடரின் முடிவில் தயாரிப்பாளர்களே எழுத்தில் அறிவித்துவிட்டார்கள். அது நேர்மையான செயல். நம்மவர்கள் செய்யும் தவறு என்னவென்றால், கடைசிப் பாகம் முடிந்து எழுத்து ஓடத் தொடங்கியதும் அணைத்துவிடுவது. வாசிக்க வேண்டியது பல சமயம் அந்த எழுத்தில்தான் இருக்கிறது.

ஆள்களை ஒன்றாக்குவது போலவே காலத்தையும் சுருக்குவார்கள். மூன்று வருடம் இழுத்த வழக்கு ஒரு பாகத்தில் முடியும். தனி அறையில் இருவர் பேசிய பேச்சு, கூட நின்று கேட்டதுபோல் வரும். அந்தப் பேச்சை எழுதியவர் சென்ற வருடம் மேசையில் உட்கார்ந்து எழுதியிருப்பார். பிரித்தானிய அரச குடும்பத்தைப் பற்றிய ‘த கிரவுன்’ தொடரில் இது பெரிய சர்ச்சையாகி, ‘இது கற்பனை கலந்தது’ என்று எச்சரிக்கை போடவேண்டும் என அந்நாட்டுக் கலாசார அமைச்சரே 2020இல் கேட்டார்.

இதற்கு நேர்மாறான வேடிக்கையும் உண்டு. காந்தஹார் விமானக் கடத்தல் தொடரில் கடத்தல்காரர் சிலர் ‘போலா’, ‘சங்கர்’ என்று அழைக்கப்படுகிறார்கள். முஸ்லிம்களான கடத்தல்காரர்களுக்கு வேண்டுமென்றே இந்துப் பெயர் சூட்டிவிட்டார்கள் என்று இந்தியாவில் பலத்த எதிர்ப்பு எழுந்தது. உண்மையில் அவை கடத்தல்காரர்கள் தங்களுக்குள் வைத்துக்கொண்ட புனைபெயர்கள்; இந்திய உள்துறை அமைச்சு 2000ஆம் ஆண்டு ஜனவரியிலேயே அவற்றை அறிக்கையில் வெளியிட்டிருக்கிறது. கடைசியில் உண்மைப் பெயர்களையும் தொடக்கத்திலேயே காட்டுவதாக நிறுவனம் ஒப்புக்கொண்டது. ஆகவே, ‘இது பொய்’ என்று கூவுவதற்கு முன்னும் கொஞ்சம் விசாரிக்கவேண்டும். சந்தேகப்படுவது மட்டும் அறிவாகிவிடாது.

இனி, நமது மக்களைச் சற்று நெருக்கமாகத் தொடும் தொடருக்கு வருவோம். அது ‘த ஹண்ட்’. நாகேஷ் குக்குனூர் இயக்கியது; ஏழு பாகங்கள். அனிருத்ய மித்ரா என்ற பத்திரிகையாளர் எழுதிய நூலை அடிப்படையாகக் கொண்டது. 1991 மே 21ஆம் நாள் இரவு ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டதும், டி.ஆர். கார்த்திகேயன் தலைமையிலான சிறப்புப் புலனாய்வுக் குழு கொலையாளிகளைத் தேடிச் சென்றதும்தான் கதை. அந்த ஆண்டு ஆகஸ்ட் 20ஆம் நாள், பெங்களூருக்கு அருகே ஒரு வீட்டில், முற்றுகையிடப்பட்ட நிலையில் சிவராசனும் கூட்டாளிகளும் இறந்து கிடந்தார்கள். ஏறக்குறைய தொண்ணூறு நாள். தொடரின் ஓட்டமும் அந்தத் தொண்ணூறு நாள்தான்.

ஒரு காரியத்தை முதலில் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். அன்றிரவு நடந்தது கொலை. மாலை போட வந்த கூட்டத்தின் நடுவில் குண்டை வெடிக்கவைத்தது கொடிய பாவம். ராஜீவ் காந்தியோடு செத்தவர்களில் பெரும்பாலோர் தமிழர்களே: காவலுக்கு நின்ற போலீசார், கட்சித் தொண்டர்கள், கவிதை வாசிக்க வந்த ஒரு சிறுமியும் அவளுடைய தாயும். 1987 ஜூலை 29ஆம் திகதி கையெழுத்தான ஒப்பந்தத்தின் பின் இந்தியப் படை வடக்கு கிழக்கில் இருந்த காலத்தில் நமது உறவுகள் பட்ட துன்பம் பெரிது. அதை மறைக்க வேண்டியதில்லை. எனினும் அந்தத் துன்பம் இந்தக் கொலையை நியாயமாக்காது. இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லத் தயங்கக் கூடாது. இளைஞர் சிலர் கொலையாளியின் சாமர்த்தியத்தை மெச்சிப் பேசுவதைக் கேட்கிறபோது, அந்தச் சிறுமியைப் பற்றி ஒரு வார்த்தை எடுத்துச் சொல்லுங்கள், போதும்.

இனித் தொடரைப் புடைத்துப் பார்ப்போம். இதில் யாருடைய கண்ணால் பார்க்கிறோம்? துப்பறியும் அதிகாரிகளின் கண்ணால். அது தவறன்று, கதை சொல்ல ஏதாவது ஓர் இடத்தில் கமராவை வைத்துத்தானே ஆகவேண்டும்? ஆனால் அதிகாரியின் தோளுக்குப் பின்னே நின்று பார்க்கும்போது, அவர் கைது செய்கிறவன் எவனும் குற்றவாளியாகவே தெரிவான். ஈழத் தமிழ் பேசுகிறவன் வாயைத் திறந்தாலே பயமாக இருக்கும். அந்த உணர்ச்சி, பார்க்கிற நமது பிள்ளையின் நெஞ்சிலும் ஏறுகிறது. தன் மொழியைக் கேட்டுத் தானே அஞ்சுகிற விசித்திரம் நடக்கிறது.

தொடர் நின்ற இடத்தில் சரித்திரம் நிற்கவில்லை என்பதே இங்கு கற்க வேண்டிய பெரிய பாடம். 1991க்குப் பின் என்ன நடந்தது? 1998 ஜனவரியில் தனி நீதிமன்றம் இருபத்தாறு பேருக்கு மரண தண்டனை விதித்தது. ஒருவர்கூடத் தப்பவில்லை. அடுத்த ஆண்டு, 1999 மே மாதத்தில், இந்திய உச்ச நீதிமன்றம் அந்த இருபத்தாறு பேரில் பத்தொன்பது பேரை விடுவித்தது. நால்வருக்கு மரண தண்டனையை உறுதிசெய்து, மூவருக்கு ஆயுள் தண்டனை என்றது. ஒரு வருடத்துக்கு முன்னே தூக்குக் கயிறு காத்திருந்த பத்தொன்பது பேர் வீட்டுக்குப் போனார்கள்! பிடிபட்டவன் எல்லாம் கொலையாளி என்று எண்ணிய பார்வையாளன் இந்த எண்ணை ஒரு முறை வாய்விட்டுச் சொல்லிப் பார்க்கவேண்டும்.

அதன் பின்னும் கதை தொடர்ந்தது. நால்வரில் ஒருவரான பேரறிவாளன், கைதானபோது பத்தொன்பது வயது இளைஞர். மின்கலம் வாங்கிக் கொடுத்தார் என்பது அவர்மீது சாட்டப்பட்ட முக்கியக் குற்றம். அது எதற்காக என்று தமக்குத் தெரியாது என அவர் சொன்ன பகுதியைத் தாம் வாக்குமூலத்தில் முழுமையாகப் பதியவில்லை என்று, வாக்குமூலம் பதிந்த அதிகாரி தியாகராஜன் ஓய்வு பெற்ற பிறகு 2013இல் வெளிப்படையாகச் சொன்னார். 2014இல் மரண தண்டனை ஆயுளாகக் குறைக்கப்பட்டது. 2022 மே 18ஆம் நாள் பேரறிவாளன் விடுதலையானார். அவ்வாண்டு நவம்பரில் மற்ற அறுவரும் விடுவிக்கப்பட்டனர். முப்பது ஆண்டுகளுக்கு மேல்! தொண்ணூறு நாளைப் பார்க்க ஏழு பாகம் உண்டு. இந்த முப்பது ஆண்டைப் பார்க்க எத்தனை பாகம் வேண்டும்? விரட்டலும் துப்பாக்கியும் நாடகத்துக்கு உதவும். சிறைக்கூடத்தில் ஒருவன் கிழவனாவதும், அவனுடைய தாய் அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்குவதும் நாடகத்துக்கு அவ்வளவாக உதவா. அதனால் அவை விடுபட்டுப்போகின்றன.

திரைக்கு இத்தனை குறை சொன்ன பிறகு, அதன் பலத்தையும் சொல்லாவிட்டால் நியாயமாகாது. யூத மக்களை நாசிகள் கொன்றொழித்ததைப் பற்றிய ‘ஹோலகாஸ்ட்’ என்ற அமெரிக்கத் தொடர் 1979 ஜனவரியில் மேற்கு ஜெர்மனியில் காட்டப்பட்டது. அதில் வரும் வைஸ் குடும்பம் கற்பனைக் குடும்பம்தான். முகாமிலிருந்து உயிர் தப்பி வந்த எழுத்தாளர் எலீ வீசல், எங்கள் துயரத்தை மலிவான நாடகமாக்கிவிட்டார்கள் என்று கண்டித்தார். அப்படியிருந்தும், ஏறத்தாழ இரண்டு கோடி ஜெர்மானியர் அதைப் பார்த்தார்கள். தொலைக்காட்சி நிலையங்களுக்கு ஆயிரக்கணக்கானோர் தொலைபேசியில் அழைத்தார்கள். முப்பது ஆண்டாக மூடியிருந்த வாய்கள் வீடுகளில் திறந்தன. ‘அப்பா, அந்தக் காலத்தில் நீங்கள் என்ன செய்தீர்கள்?’ என்று பிள்ளைகள் கேட்டார்கள். கொலைக் குற்றத்துக்கு வழக்குத் தொடரும் காலக்கெடு முடியப்போகிற வேளை அது; அதே ஆண்டு ஜூலையில் அந்நாட்டுப் பாராளுமன்றம் அக்காலக்கெடுவையே நீக்கியது. தொடர் ஒன்றினால் மட்டுமே அது நடந்தது என்று சொல்ல முடியாது. ஆனால் தொடர் இல்லாமல் அந்தப் பேச்சு அத்தனை வீடுகளில் எழுந்திருக்காது.

இங்கிலாந்தில் 2024 ஜனவரி முதல் வாரம் நடந்ததும் அத்தகையதே. தபால் கந்தோர்களை நடத்திய சாதாரண மக்கள் தொள்ளாயிரத்துக்கு மேற்பட்டோர், கணினிக் கணக்கின் பிழையால் திருடர் என்று தண்டிக்கப்பட்டிருந்தார்கள். பத்திரிகைகள் பல வருடமாக எழுதிய செய்திதான். அதை நான்கு இரவுகளில் நாடகமாகக் காட்டியதும் நாடு கொதித்தது. மே மாதத்துக்குள் தண்டனைகளை ரத்துச் செய்யும் சட்டம் வந்துவிட்டது. செய்தியை வாசித்துவிட்டு அடுத்த பக்கத்தைப் புரட்டியவர்கள், ஒரு முகத்தைப் பார்த்ததும் புரட்ட முடியாமல் நின்றார்கள்.

நமது முகத்தை யாராவது காட்டினார்களா? தோட்டத் தொழிலாளரின் வாழ்வை வைத்து, தொழிற்சங்கவாதியான வி.பி. கணேசன் 1975இல் ‘புதிய காற்று’ என்ற படத்தை நமது நாட்டிலேயே எடுத்தார். பெரியவர்கள் நினைவு வைத்திருப்பார்கள். பிற்காலத்தில் நமது மக்கள் அதிகம் பார்த்து அழுத படம், 2013இல் வந்த பாலாவின் ‘பரதேசி’. தேயிலைத் தோட்டத்துக்கு ஆசை காட்டி அழைத்துப் போவதும், போனவர்கள் கடனில் சிக்கித் திரும்ப முடியாமல் சாவதும் கதை. தொலைக்காட்சியில் அதைப் பார்த்த நமது முதியவர்கள், ‘இதுதான் எங்க தாத்தா கதை’ என்றார்கள். அவர்கள் சொன்னது பெரும்பாலும் சரியே. கங்காணி, கடன், காய்ச்சல், துரை, எல்லாம் இங்கும் இருந்தவைதான். ஆனால் படம் காட்டுவது இலங்கையை அன்று. இந்தியாவில் ஆனைமலை, வால்பாறைப் பக்கத்துத் தோட்டங்களுக்கு உரிய கதை அது. அதன் அடிப்படை, பி.எச். டானியல் என்ற மருத்துவர் 1969இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட ‘ரெட் டீ’ என்ற நாவல், இரா. முருகவேள் அதை ‘எரியும் பனிக்காடு’ என்று தமிழாக்கினார்.

டானியல் அந்தத் தோட்டங்களிலேயே மருத்துவராக உழைத்தவர். முதிய தொழிலாளர்கள் சொல்லக் கேட்டு எழுதியவர். தொழிலாளருக்குச் சங்கம் அமைப்பதில் முன்நின்றவர். படத்திலோ, கொள்ளைநோய்க் காலத்தில் வந்து சேரும் கிறிஸ்தவ மருத்துவர், நோயாளிகள் நடுவே ஆடிப்பாடி மதம் மாற்றுகிறவராகக் கேலிச் சித்திரமாக்கப்பட்டிருக்கிறார். தமிழ்நாட்டில் அன்றே பலர் இதைக் கண்டித்து எழுதினார்கள். எழுதியவர் எல்லோரும் கிறிஸ்தவர்களும் அல்லர். நமது மதத்தவர் என்பதால் மனம் நோகிறது என்பது ஒருபுறம் இருக்கட்டும். எத்தனையோ தோட்டங்களில் மதம் பரப்புவதை மட்டுமே குறியாகக் கொண்ட போதகர்களும் இருந்திருக்கிறார்கள். அதை யாராவது காட்டினால் தலைகுனிந்து பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். இங்கே கேள்வி வேறு. எந்த மனிதருடைய உழைப்பினால் அந்தக் கதையே உலகுக்குத் தெரிந்ததோ, அந்த மனிதரின் இடத்தில் ஒரு கோமாளி நிற்கிறார். படம் பார்த்தவர்களில் எத்தனை பேர் டானியலின் பெயரைக் கேட்டிருப்பார்கள்?

அமெரிக்காவில் அடிமைகளின் வழிவந்தவரான அலெக்ஸ் ஹேலி எழுதிய ‘ரூட்ஸ்’, 1977 ஜனவரியில் எட்டு இரவுகள் தொடராக ஓடியது. பத்துக் கோடிக்கு மேற்பட்டோர் கடைசிப் பாகத்தைப் பார்த்தார்கள். தம் முன்னோர் யார், எந்த ஊர் என்று தேடும் ஆவல் நாடெங்கும் கிளம்பியது. பின்னர், வேறொருவரின் நாவலிலிருந்து பகுதிகள் எடுக்கப்பட்டிருந்ததை ஹேலி ஒப்புக்கொண்டு 1978இல் நட்டஈடு கொடுத்தார். அவர் சொன்ன வம்சாவளியிலும் ஆராய்ச்சியாளர்கள் ஓட்டை கண்டார்கள். ஆனால் ஒரு கதையின் பிழைகள், பிறர் தங்கள் கதையைத் தேடப் புறப்படுவதைத் தடுக்கவில்லை. நாமும் புறப்பட வேண்டியவர்கள்தாம். புதுக்கோட்டை என்றும் திருச்சி என்றும் சேலம் என்றும் நமது பாட்டன்மார் சொன்ன ஊர்ப்பெயர்கள், சொன்னவரோடு கல்லறைக்குப் போய்க்கொண்டிருக்கின்றன.

1947இல் இந்தியா பிரிந்ததைத் தொடராகப் பார்க்கிறோம். அதே 1947இல் நமது நாட்டுப் பொதுத் தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு ஆசனங்களை வென்றது. மறு வருடமே, 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டம் மலையகத்துப் பெரும்பான்மையோரை நாடற்றவர் ஆக்கியது. 1964 ஒக்டோபரில் சிறிமாவோவும் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தத்தில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசுவோம் என்று மூட்டை பிரிப்பதுபோல் பிரித்தார்கள். அந்த மிச்சத்தை 1974இல் ஆளுக்குப் பாதியாகப் பகிர்ந்துகொண்டார்கள். நாடற்றோர் பிரச்சினையைத் தீர்க்கும் சட்டம் 2003இல்தான் வந்தது. ஒரே லயத்தில் அண்ணன் இந்தியாவுக்கும் தம்பி இலங்கைக்கும் என்று எழுதப்பட்ட குடும்பங்கள் நம்மிடையே இருக்கின்றன. லாகூர் ரயிலைப் பார்த்து அழுகிற பிள்ளைக்குத் தலைமன்னார்க் கப்பலைத் தெரியாது.

இப்பகுதித் தோட்டம் ஒன்றில் வீடு சந்திக்கப் போனபோது, ஒரு பையன் கைத்தொலைபேசியில் ஏதோ கலவரக் காட்சியைப் பார்த்துக்கொண்டிருந்தான். எந்த ஊர், எந்த ஆண்டு என்று கேட்டேன், தெரியவில்லை. பக்கத்தில் பாக்கு இடித்துக்கொண்டிருந்த அவனுடைய அப்பாயி எட்டிப் பார்த்துவிட்டு, “இதையெல்லாம் படத்துல வேற பாக்கணுமா சாமி, நேர்லயே பாத்தாச்சு” என்றார். பையன் நிமிர்ந்தான். “எப்ப அப்பாயி? இங்கயா?” அவனுக்கு அதுவரை யாரும் சொல்லியிருக்கவில்லை. 1981 ஆகஸ்டில் இரத்தினபுரி, கஹவத்தைப் பக்கத்துத் தோட்டங்களில் லயங்கள் தாக்கப்பட்டதும் எரிக்கப்பட்டதும் பாடப்புத்தகத்தில் இல்லை. எந்தத் தொடரிலும் வரவில்லை. அந்த அம்மா கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். இருட்டில் றப்பர் காட்டுக்குள் ஓடியது. கைப்பிள்ளை அழாமலிருக்க வாயைப் பொத்திக்கொண்டது. காலையில் கிராமத்துச் சிங்கள அம்மா ஒருவர் கஞ்சி கொண்டுவந்து தந்தது. மூன்று நாள் தம் வீட்டுப் பின்னறையில் வைத்திருந்தது. “ஓடறப்ப எதை எடுத்தீங்க பாட்டி?” என்று கேட்டேன். “துணிமணி எடுக்கல சாமி. பிரஜாவுரிமைக் காயிதத்தைத்தான் எடுத்து மடியில கட்டினேன். அது போனா நாம ஆளே இல்லேல்ல?”

கோடிக்கணக்கில் செலவழித்து எடுக்கும் தொடரில் இப்படி ஒரு வசனம் வருமா என்பது சந்தேகமே. எழுத்தாளன் துணிமூட்டையைத்தான் கொடுத்திருப்பான். சிங்கள அம்மாவின் கஞ்சியையும் விட்டிருப்பான். அல்லது அதை மட்டுமே காட்டி, தீ வைத்தவர்களை விட்டிருப்பான். இரண்டையும் ஒரே மூச்சில் சொல்ல, பட்டவர்களால்தான் முடிகிறது.

பெரியவர்கள் இவற்றைச் சொல்லாமல் இருப்பதற்குக் காரணம் உண்டு. பிள்ளைகளுக்குப் பகை வளரக்கூடாது, அக்கம்பக்கத்தாரோடு வாழவேண்டும் என்ற நல்லெண்ணம். ஆனால் அந்தப் பேசாத இடம் வெறுமையாக இருப்பதில்லை. யாரோ எங்கோ இருந்து எடுத்த காட்சித் துண்டு, பெயரும் திகதியும் இல்லாமல் கைத்தொலைபேசியில் வந்து அங்கே குடியேறுகிறது. அப்பாயி சொன்னால் கஞ்சியும் சேர்ந்து வரும். அந்தத் துண்டில் தீ மட்டுமே வரும்.

பெற்றோர் செய்யக்கூடியவை சில உண்டு. இத்தகைய தொடரைப் பிள்ளைகள் தனியே மூலையில் பார்க்க விடாமல், வீட்டார் சேர்ந்து பார்ப்பது முதலாவது. இரத்தமும் சித்திரவதையும் நிறைந்தவற்றைச் சிறுவர் முன்னே ஓடவிடவே வேண்டாம். ‘உண்மைக் கதை’ என்ற பெயர் அதற்கு அனுமதிச் சீட்டு ஆகாது. ஒரு பாகம் முடிந்ததும் அடுத்ததற்குத் தாவாமல் நிறுத்திவிட்டு, இதை யார் கண்ணால் பார்த்தோம், யார் பேசவே இல்லை, இதற்குப் பின் என்ன ஆயிற்று என்று கேளுங்கள். பதில் தெரியாவிட்டால் தேடுங்கள். தேடுவதற்கு அதே கைத்தொலைபேசி உதவும். பெயர், ஆண்டு, ஊர் ஆகிய மூன்றும் இல்லாமல் வருகிற காட்சியை நம்பவும் வேண்டாம், அடுத்தவருக்கு அனுப்பவும் வேண்டாம்.

அடுத்தபடியாக, வீட்டிலிருக்கும் முதியவரைப் பேசவைத்து, ஓர் அப்பியாசக் கொப்பியில் எழுதிவையுங்கள். இதிலும் புடைக்கும் வேலை உண்டு. ஞாபகமும் தொடரைப் போலவே காலத்தைச் சுருக்கும், இரண்டு ஆளை ஒருவராக்கும். 1977இலும் 1981இலும் 1983இலும் மூன்று முறை அடிபட்டவருக்கு எது எப்போது என்று குழம்பும். அதற்காக அவர் சொல்வது பொய்யாகிவிடாது. கொழும்பிலிருந்து ஓப்பநாயக்க வரைக்கும் சின்ன ரயில் ஓடியது என்று தாத்தா சொன்னால், பேரப்பிள்ளைகள் சிரிக்கிறார்கள். இரண்டரை அடி அகலத் தண்டவாளத்தில் அது ஓடியது உண்மை. அவிசாவளைக்கு இப்பால் உள்ள பாதை 1970களில்தான் கைவிடப்பட்டது. தாத்தாவிடம் கேளுங்கள், அதில் ஏறி எங்கே போனார், யார் கூட வந்தார்கள் என்று கேளுங்கள்.

முதியவர்களுக்கு ஆண்டு தெரியாது என்பது பலருடைய முறைப்பாடு. அவர்கள் ஆண்டைக் கணக்கிட்டு வாழவில்லை. ‘மூத்தவன் வயித்துல இருக்கறப்ப’, ‘எளையவளுக்குப் பால் மறக்கடிச்ச வருசம்’ என்றுதான் சொல்வார்கள். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். எந்தப் பிள்ளை என்பதையும் எந்தத் தோட்டம் என்பதையும் மறக்காமல் குறியுங்கள். கோயிலின் ஞானஸ்நானப் பதிவேட்டில் அந்தப் பிள்ளையின் பெயரைத் தேடிப்பிடித்தால், பிறந்த திகதி கிடைக்கும். அதிலிருந்து ஆண்டை எண்ணிவிடலாம். பதிவேட்டைப் பார்க்க விரும்புகிறவர்கள், தோட்டத்தின் பெயரையும் பெற்றோரின் பெயரையும் ஒரு துண்டில் எழுதிக்கொண்டு தங்கள் பங்குக் குருவிடம் போகலாம். பழைய ஏடுகளில் தாள் உதிர்கிறது. மழைக்காலத்தில் அல்லாமல் வெயில் நாளில் போவது நல்லது.